கெழுவைச் சொல்லும்போது குறியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

இயற்கணிதக் கோவையைப் பார்த்ததும் முதலில் அதை உறுப்புகளாகப் பிரித்துவிடுங்கள். கூட்டல், கழித்தல் குறிக்கு முன்னால் பிரிக்க வேண்டும். குறி அடுத்த உறுப்போடு போய்விடும். 5க − 3ப + 7 என்றால் உறுப்புகள் மூன்று: 5க, −3ப, 7. இதில் க, ப இரண்டும் மாறிகள், அதாவது மதிப்பு மாறக்கூடியவை. 7 மாறிலி. மாறியைப் பெருக்கிக்கொண்டு நிற்கும் எண்தான் கெழு. ஆகவே ப-வின் கெழு −3. வெறும் 3 இல்லை. தேர்வில் மதிப்பெண் சறுக்கும் இடம் இது.

எண் கண்ணில் படாதபோது இன்னும் கவனம் தேவை. க என்று தனியாக இருந்தால் கெழு 1, பூஜ்யம் அல்ல. −க என்றால் −1. க/4 என்றால் 1/4. 6கப-வில் எண்கெழு 6. ஆனால் க-வின் கெழு என்ன என்று கேட்டால், க-வைப் பெருக்கும் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்; விடை 6ப. கேள்வியை இரண்டு முறை படிப்பதில் தப்பே இல்லை. 2(க + 4) போல அடைப்புக்குறி இருந்தால், 2க + 8 என்று விரித்த பிறகே மாறிலியைச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒத்த உறுப்புகள். மாறியும் அதன் அடுக்கும் ஒன்றாக இருந்தால் போதும், கெழு வேறாக இருக்கலாம். 2க, 9க சேர்ந்து 11க ஆகும். 2க, 9க² சேராது.

சமக்குறி இருந்தால் அது சமன்பாடு, இல்லாவிட்டால் கோவை. கோவையைச் சுருக்கலாம், மாறிக்கு ஓர் எண்ணைப் போட்டு மதிப்புக் காணலாம். சும்மா இருக்கும் 5க + 2-க்குப் பின்னால் நீங்களாகவே "= 0" சேர்த்துத் தீர்வு காணக் கிளம்பிவிடாதீர்கள்.