இணையம் இல்லாமல் ஒரு குறிப்பேடு: டிட்லிவிக்கியில் எழுதியதைத் தொலைக்காமல் சேமிப்பது எப்படி?

இணைய இணைப்பு இல்லாமலும் பிரவுசரில் ஓடும் செயலிகள் இப்போது நிறைய உண்டு. அவற்றுக்குப் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எழுதியது எங்கே போய்ச் சேர்ந்தது?

பெரும்பாலான செயலிகள் அதை பிரவுசரின் உள்சேமிப்பில் வைத்துக்கொள்கின்றன. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அது கண்ணில் படாது. குக்கீகளையும் தளங்களின் தகவல்களையும் அழித்தால் கூடவே போய்விடும். ஆப்பிளின் சஃபாரி இன்னும் கறார். 2020-இல் வந்த 13.1 பதிப்பிலிருந்து, சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாட்களில் ஒரு தளத்தை நீங்கள் தொடவே இல்லை என்றால், அந்தத் தளம் சேமித்ததை சஃபாரி தானாகவே அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து வைத்த செயலிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதனால்தான், கண்ணால் பார்க்கவும் கையால் நகலெடுக்கவும் முடிகிற ஒரு ஃபைலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அதற்கு டிட்லிவிக்கியை விடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. இது குறிப்பெடுக்கும் மென்பொருள், ஜெரமி ரஸ்டன் என்பவர் 2004-இல் வெளியிட்டது. எழுதும் கருவி, நீங்கள் எழுதிய குறிப்புகள், தேடும் வசதி எல்லாமே ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலுக்குள், அதாவது பிரவுசரில் திறக்கும் வலைப்பக்க ஃபைலுக்குள், அடங்கிவிடும். பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. தமிழில் எழுதலாம், தமிழிலேயே தேடலாம்.

ஃபைலை எடுத்து வைத்தல்

டிட்லிவிக்கி டாட் காம் தளத்துக்குப் போய், 'எம்ப்டி' என்ற வெற்றுப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள். சில எம்பிதான் இருக்கும். இணையம் தேவைப்படுவது இந்த ஒரு முறைதான். இறக்கியதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவிடாதீர்கள். டாக்குமென்ட்ஸில் 'குறிப்பேடு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் நகர்த்துங்கள். பெயரையும் மாற்றிக்கொள்ளலாம், தமிழிலும் வைக்கலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் ஹெச்டிஎம்எல்லை மட்டும் தொடாதீர்கள்.

இப்போது வைஃபையை அணைத்துவிட்டு அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். பிரவுசரில் திறக்கும். முகவரிப் பட்டையில் இணைய முகவரிக்குப் பதிலாக உங்கள் ஃபோல்டரின் பாதை தெரியும். திறந்திருப்பது உங்கள் கணினியில் உள்ள ஃபைல்தான் என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுதுவது எளிது. வலப்பக்கம் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, தலைப்பு கொடுத்து, எழுதி, டிக் குறியை அழுத்தினால் குறிப்பு தயார்.

சேமித்தல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

குறிப்பின் மேலுள்ள அந்த டிக் குறி, எழுதியதை பிரவுசரின் நினைவில் மட்டுமே வைக்கிறது. ஃபைலில் இன்னும் எதுவும் ஏறவில்லை. பக்கப்பட்டையில் உள்ள சேமிப்புப் பொத்தான் சிவப்பாக மாறியிருக்கும். சிவப்பாக இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று பொருள்.

அதை அழுத்தினால் பிரவுசர் ஒரு புதிய ஃபைலை டவுன்லோட் செய்யும். ஏற்கெனவே இருக்கும் ஃபைலிலேயே எழுதாமல் ஏன் இப்படிச் செய்கிறது? உங்கள் கணினியில் உள்ள ஃபைலை ஒரு வலைப்பக்கம் தன் இஷ்டத்துக்கு மாற்ற பிரவுசர் விடாது. விட்டால், போகிற வருகிற தளமெல்லாம் உங்கள் ஃபைல்களில் கை வைக்கும். இந்தத் தடை நம் நன்மைக்குத்தான்.

ஆனால் விளைவைக் கவனியுங்கள். புதிய பிரதி டவுன்லோட்ஸில் போய் விழுகிறது. அடுத்தடுத்து சேமித்தால் பெயருக்குப் பின்னால் (1), (2) என்று எண் ஏறிக்கொண்டே போகும். குறிப்பேடு ஃபோல்டரில் இருப்பதோ பழைய ஃபைல். மறுநாள் அதைத் திறந்து, எழுதியதெல்லாம் போச்சே என்று பதறுபவர்கள் நிறைய. போகவில்லை. டவுன்லோட்ஸைத் தேதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். கடைசியாக வந்த ஃபைலில் எல்லாம் இருக்கும்.

இதற்குத் தீர்வு பிரவுசர் செட்டிங்ஸில் இருக்கிறது. க்ரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போனால், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் வசதி உண்டு. அதை ஆன் செய்யுங்கள். இனி சேமிக்கும்போது ஒரு பெட்டி திறக்கும். குறிப்பேடு ஃபோல்டருக்குப் போய், பழைய ஃபைலையே தேர்ந்தெடுத்து, 'ரீப்ளேஸ் செய்யவா' என்ற கேள்விக்குச் சரி சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். கடைசியாக எழுதிய குறிப்பு தெரிந்தால் சேமிப்பு நடந்துவிட்டது.

இதைச் சுருக்க வழிகள் உண்டு. டிட்லிடெஸ்க்டாப் என்ற தனி மென்பொருளில் திறந்தால் அதே ஃபைலிலேயே சேமிக்கும். டிமிமி என்ற நீட்சியும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) இருக்கிறது. என்றாலும் முதலில் கையால் சேமிக்கப் பழகுங்கள் என்பதே என் கருத்து. ஒரு காலத்தில் டிட்லிஃபாக்ஸ் என்ற நீட்சியைப் பலரும் நம்பியிருந்தார்கள். 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளையெல்லாம் கைவிட்டபோது அதுவும் நின்றுபோனது. டவுன்லோட் வழி அன்றும் வேலை செய்தது, இன்றும் செய்கிறது.

ஒரே ஃபைலை இரண்டு டேபில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. கடைசியில் சேமித்ததுதான் நிற்கும்.

படங்கள்

படத்தை இழுத்துப் பக்கத்தில் போட்டால் அது ஃபைலுக்குள்ளேயே எழுத்துகளாக மாறி உட்கார்ந்துவிடும். அப்படி மாறும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும். பத்துப் பதினைந்து படம் சேர்ந்தால், ஒரு வரி திருத்தினாலும் முழு ஃபைலையும் எழுதியாக வேண்டும். சின்ன ஐகான்களுக்கு இது பரவாயில்லை, கேமரா படங்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பதில், குறிப்பேடு ஃபோல்டருக்குள்ளேயே 'படங்கள்' என்று இன்னொரு ஃபோல்டர் வைத்து, படங்களை அதில் போடுங்கள். குறிப்பில் ஒரு சதுர அடைப்பு, ஆங்கிலத்தில் ஐ-எம்-ஜி என்ற மூன்று எழுத்து, மறுபடி ஒரு சதுர அடைப்பு, பிறகு ஃபோல்டர் பெயர், சாய்கோடு, படத்தின் முழுப்பெயர், கடைசியில் இரண்டு அடைப்பையும் மூடுங்கள். சி டிரைவிலிருந்து தொடங்கும் நீளமான பாதையைக் கொடுக்காதீர்கள். வேறு கணினிக்குப் போனால் படம் தெரியாது. இப்படி வைத்தால் நகலெடுக்கும்போது முழு ஃபோல்டரையும் எடுக்க வேண்டும்.

நகலும் கடவுச்சொல்லும்

வாரம் ஒருமுறையாவது அந்த ஃபோல்டரை, பெயரில் தேதி சேர்த்து, பென்டிரைவிலோ வேறு டிஸ்கிலோ நகலெடுங்கள். நகலையும் திறந்து, புதிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தரங்கமான குறிப்புகள் என்றால், 'டூல்ஸ்' பகுதியில் கடவுச்சொல் போடும் வசதி இருக்கிறது. போட்டதும் ஒருமுறை சேமித்தால் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டுவிடும், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை, ஏனென்றால் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் அது இல்லை. அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு போடுங்கள்.