வீல் அளவுக்குப் பொருந்தும் பெரிய பிரேக் கிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரிய பிரேக் கிட் (காரோடு வந்ததைவிடப் பெரிய டிஸ்க், அதாவது வீலோடு சுழலும் பிரேக் வட்டு, கொண்ட தொகுப்பு) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் காரில் 17 அங்குல வீல் இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் டிஸ்க் போடலாம்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லிவிட முடியாது. வீலுக்குள் முதலில் இடிப்பது டிஸ்க் அன்று, அதைக் கவ்வி நிற்கும் காலிப்பர். அது இடிக்கக்கூடிய இடங்களும் இரண்டு: ஒன்று ரிம்மின் உட்புறச் சுவர், மற்றொன்று ஸ்போக்கின் பின்புறம். 17 அங்குலம் என்று பொறிக்கப்பட்ட இரண்டு அலாய் வீல்களில் ஒன்று தாராளமாகச் சுழல்வதும், மற்றொன்று ஹப்பில் (வீல் பூட்டப்படும் மையப் பகுதியில்) உட்காரவே மறுப்பதும் இதனால்தான்.

எடுத்துக்காட்டாக, 2003 முதல் 2012 வரை வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அடித்தளத்தில் பல அளவு பிரேக்குகளைத் தொழிற்சாலையே பொருத்தியிருப்பதால், கற்றுக்கொள்பவருக்கு இதைவிடத் தெளிவான கார் கிடைப்பது அரிது. இந்தியாவில் விற்பனையான ஸ்கோடா லாராவும் இதே அடித்தளத்தில் உருவானதுதான்.

படி 1: தேவையை உறுதிசெய்தல்

ஒருமுறை அவசரமாக நிறுத்தும்போது கார் எத்தனை தூரத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் டயரின் பிடிப்புதான் முடிவுசெய்கிறது. இப்போதுள்ள பிரேக்கே ஏ.பி.எஸ்.ஸை (வீல் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பை) இயங்கவைக்கும் அளவுக்கு வலுவாக இருந்தால், பெரிய டிஸ்க் அந்தத் தூரத்தைப் பெரிதாகக் குறைக்காது. பெரிய டிஸ்க்கின் உண்மையான பயன் வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது: நீண்ட மலை இறக்கத்திலோ பந்தயத் தடத்திலோ மீண்டும் மீண்டும் பிரேக் பிடிக்கும்போது, எடை கூடிய டிஸ்க் மெதுவாகச் சூடாகிறது. ஆகவே முதலில் நல்ல பேட்களை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டைகளை) போட்டு, பிரேக் ஆயிலை மாற்றிப் பாருங்கள். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கான வரையறை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பெடல் மெத்தென்று இறங்குகிறது என்று புகார் சொல்லும் பலருக்கு இந்த மலிவான மாற்றமே போதுமானதாக இருக்கும் என்பது என் கருத்து.

படி 2: இப்போதிருப்பதைத் தெரிந்துகொள்ளுதல்

எடுத்துக்கொண்ட கோல்ஃபில் முன்பக்க டிஸ்க்குகள் 280க்கு 22, 288க்கு 25, 312க்கு 25, 345க்கு 30 மி.மீ. என்ற அளவுகளில் வந்தன. முதல் எண் விட்டம், இரண்டாவது எண் தடிமன். சாதாரண வகைகளில் முதலிரண்டும், ஜி.டி.ஐ.யில் 312ம், ஆர்32 வகையில் 345ம் இருந்தன. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியருகே ஒட்டப்பட்டிருக்கும் தாளில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று முன்பிரேக்கைக் குறிக்கும், உதிரிபாகக் கடைக்காரர் அதைப் பார்த்தே சரியான பாகத்தை எடுத்துத் தருவார். வேறு காராக இருந்தால், வீலைக் கழற்றி டிஸ்க்கை நேரடியாக அளந்துவிடுவதே நல்லது.

படி 3: அங்குலத்தை முதல் சல்லடையாகப் பயன்படுத்துதல்

டயரில் 225/45 ஆர்17 என்று இருந்தால் கடைசி எண்தான் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எடுத்துக்கொண்ட கோல்ஃபில் 288 மி.மீ. டிஸ்க் 15 அங்குல வீலுக்குள் அடங்கும், 312க்குக் குறைந்தது 16 அங்குலமும், 345க்குக் குறைந்தது 17 அங்குலமும் வேண்டும். தனி நிறுவனங்கள் விற்கும் நான்கு அல்லது ஆறு பிஸ்டன் (காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் உருளை) கிட்களில், 330 மி.மீ. அளவுள்ளவை பொதுவாக 17 அங்குலத்துக்கும், 355 மி.மீ. அளவுள்ளவை 18 அங்குலத்துக்கும் வடிவமைக்கப்படுகின்றன. இந்தப் பொருத்தத்தைக் கொண்டு எவற்றை வாங்கக் கூடாது என்று விலக்கலாமே தவிர, எதை வாங்கலாம் என்று முடிவுசெய்ய இயலாது.

பெரிய பிரேக்குக்காக வீலையும் பெரிதாக்க நேர்ந்தால், டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 205/55 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ., 225/45 ஆர்17க்கு 634, 225/40 ஆர்18க்கு 637. வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள் அடங்குவதால் வேகமானி ஏறத்தாழ முன்போலவே காட்டும்.

படி 4: வீலின் உட்புறத்தை அளத்தல்

பணம் வீணாவதும் தப்புவதும் இந்தப் படியில்தான் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். 17 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் 431.8 மி.மீ., அதன் பாதி 215.9. காலிப்பரின் வெளி விளிம்பு ஹப்பின் மையத்திலிருந்து 197 மி.மீ. தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 19 மி.மீ. இடைவெளி கிடைப்பதாகக் கணக்கு சொல்லும், ஆனால் அந்தக் கணக்கு ஏமாற்றும். டயரை ஏற்றி இறக்க வசதியாக ரிம்மின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கும். அந்தப் பள்ளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் உள்நோக்கி இறங்குவது வழக்கம், உலோகத்தின் தடிமனும் அதோடு சேரும். காலிப்பருக்கு நேர்மேலே இந்தப் பள்ளம் அமைந்துவிட்டால் இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வீலுக்கு வீல் மாறுவதால், நேரில் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிரெம்போ, ஏ.பி. ரேசிங், வில்வுட் போன்ற நிறுவனங்கள் தங்கள் கிட்களுக்குக் காலிப்பரின் பக்கத் தோற்றத்தை உண்மை அளவிலேயே வரைந்த படத்தைத் தருகின்றன. அதை அளவு சுருங்காமல் அச்சிட்டு, தாளிலுள்ள அளவுக்கோட்டை ஒரு ஸ்கேலால் சரிபாருங்கள். அச்சுப்பொறி தானாகவே படத்தைச் சற்றுச் சுருக்கிவிடுவது உண்டு. பிறகு கெட்டியான அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். வீலைக் கழற்றி, முகப்பு கீழே இருக்கும்படி ஒரு துணியின்மேல் வைத்து, அட்டையின் ஹப் விளிம்பு வீலில் ஹப் தொடும் தட்டையான பகுதியில் படியுமாறும், மையக்கோடு வீலின் மையத்தோடு பொருந்துமாறும் நிறுத்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ரிம் சுவரிலிருந்தும் ஸ்போக்கிலிருந்தும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வீல் சிறிது வளையும், சூட்டில் காலிப்பர் சிறிது விரியும்.

ஸ்போக் பக்க இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் வரும் மிதக்கும் காலிப்பரில் பிஸ்டன் உட்பக்கம் மட்டுமே இருப்பதால் வெளிப்பக்கம் மெலிதாக இருக்கும். கிட்களில் வரும் நிலைத்த காலிப்பரில் இருபுறமும் பிஸ்டன்கள் இருப்பதால் அது ஸ்போக்கை நோக்கிப் புடைத்து நிற்கும். டிஸ்க்கின் அளவு மாறாவிட்டாலும், காலிப்பரின் வகை மாறினால் வீல் பொருந்தாமல் போகலாம்.

வீலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளையும் பாருங்கள். அவை சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் காலிப்பரின் மேல் உரசிப் பிய்ந்துபோக அதுவே போதும். பேலன்ஸ் செய்பவரிடம் சொல்லி, காலிப்பருக்கு நேராக வராத இடத்தில் ஒட்டச் செய்யுங்கள்.

படி 5: ஆஃப்செட், ஸ்பேசர், போல்ட்

ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப் தொடும் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது என்பதை, அதாவது ஆஃப்செட்டை, இ.டி. என்ற எண் சொல்கிறது. ஸ்போக் எந்த அளவுக்கு வெளிப்புறமாக வளைந்திருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எனவே இ.டி. ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு வீல்களில் ஒரே கிட் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்போக் மட்டுமே இடித்தால் 5 மி.மீ. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் வளையத் தகடு) அதே அளவு இடம் தரும், ரிம் சுவர் இடித்தால் அதனால் பெரும்பாலும் பயனில்லை. ஸ்பேசர் போடும்போது அதே 5 மி.மீ. நீளம் கூடிய போல்ட்களும் வேண்டும், இல்லாவிட்டால் மரையில் பிடிக்கும் சுற்றுகள் குறைந்துவிடும். கோல்ஃபின் ஹப் அமைப்பு 5க்கு 112 (112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்), மையத் துளை 57.1 மி.மீ. ஸ்பேசர் அந்தத் துளையளவோடு மையத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். இன்னொன்று: ஃபோக்ஸ்வாகனின் சொந்த வீல்களுக்கு உருண்டைத் தலைப் பதிவு கொண்ட போல்ட், வெளி நிறுவன வீல்கள் பலவற்றுக்குக் கூம்புப் பதிவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் போல்ட் தளரும்.

படி 6: மற்ற வீல்களையும் கணக்கில் எடுத்தல்

காரில் நான்கு வீல்கள் மட்டும் இல்லை. டிக்கியில் கிடக்கும் 15 அங்குல ஸ்டெப்னி, 312 மி.மீ. டிஸ்க் போட்ட பின் முன்பக்கம் ஏறாது. முன் டயர் பஞ்சரானால் பின்வீலை முன்னே மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னே போட வேண்டியிருக்கும். பின்பக்கத்திலும் பெரிய டிஸ்க் போட்டிருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும். கோல்ஃபின் சொந்த நாடான ஜெர்மனியில், குளிர்காலத்துக்கென்று 195/65 ஆர்15 டயர்களோடு தனி வீல் செட் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் 312க்கு மாறினால் அந்த முழு செட்டையும் விற்றுவிட்டு 16 அங்குலத்தில் வாங்க வேண்டும். கிட்டின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

படி 7: முன்னும் பின்னும் சமநிலை

288லிருந்து 312க்கு மாறும்போது பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து 12 மி.மீ. விலகுவதால், அதே அழுத்தத்தில் முன்பக்கப் பிரேக்கின் திருகுவிசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். இது பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் மொத்தப் பிஸ்டன் பரப்பு மிகவும் கூடிய கிட்டைப் போட்டால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அனுப்ப வேண்டிய ஆயிலின் அளவும் கூடி, பெடல் ஆழமாக இறங்கும். முன்பக்கம் அளவுக்கு மீறிப் பிடிப்பதால் பின்பிரேக் வேலை செய்யாமல் சும்மா இருக்கும். உங்கள் காரின் மாடலுக்கென்றே பிஸ்டன் அளவைக் கணக்கிட்டுத் தரும் கிட்டை மட்டும் வாங்குங்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதைவிட நல்லது, அதே குடும்பத்தின் பெரிய வகையில் தொழிற்சாலை பொருத்திய பிரேக்கையே எடுத்துக்கொள்வது. அது பார்வைக்குச் சிவப்பு நிறக் காலிப்பர் போல் பளிச்சென்று இருக்காது என்பது உண்மைதான்.

படி 8: சட்டம்

ஜெர்மனியில் பிரேக்கை மாற்றினால், கிட்டோடு வரும் பரிசோதனைச் சான்றைக் காட்டி, டியூஃப் போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வாகனத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். அந்தச் சான்றில் எந்தெந்த வீல் அளவுகளோடு பயன்படுத்தலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 9: பொருத்திச் சரிபார்த்தல்

ஹைட்ராலிக் குழாயைத் திறக்கும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் கூடவே நின்று மூன்றைக் கவனியுங்கள். டிஸ்க்கின் பின்னுள்ள தூசித் தகடு புதிய அளவுக்கு மாற்றப்பட்டதா? ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பும்போது பிரேக் குழாய் இழுபடாமல் இருக்கிறதா? வீலைப் போட்டுக் கையால் சுற்றும்போது எங்கும் உரசாமல் சுழல்கிறதா? மூன்றும் சரியென்றால், வீல் போல்ட்களை கோல்ஃபுக்குரிய 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரால்) முறுக்கலாம்.

புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்வரை திடீர்ப் பிரேக்கைத் தவிர்த்து, பேட் நிறுவனம் சொன்ன முறைப்படி, மிதமான வேகத்திலிருந்து படிப்படியாக வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடிய பின் போல்ட்களின் முறுக்கை மீண்டும் சரிபார்த்து, வீல்களைக் கழற்றி உட்சுவரை டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். சுற்றிலும் புதிதாகப் பளபளக்கும் ஒரு கோடு தெரிந்தால் காலிப்பர் உரசுகிறது என்று பொருள். அந்த வீலோடு அதற்குமேல் ஓட்டாமல் பழைய வீலையோ வேறு வடிவ வீலையோ போடுங்கள்.