பீரோவுக்குள் புத்தகம், துணிக்குள் கம்ப்யூட்டர்: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் பல சின்னப் பள்ளிகளில் இதைப் பார்க்கலாம். தலைமையாசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ, அதற்குள் நல்ல நல்ல கதைப் புத்தகங்கள், வெளியே பூட்டு. பக்கத்து அறையில் ஐந்தாறு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றின் மேலும் துணி போர்த்தியிருக்கும். ஏன் என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "பசங்க கெடுத்துடுவாங்க சார்."

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் நூலகப் பழக்கமும் சொல்லிக்கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது இந்தப் பூட்டுதான். மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவையே. 1931-இல் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் அவர். கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம் பெங்களூரில்தான். நூலக அறிவியலுக்கான ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தை இங்கே 1962-இல் தொடங்கினார், 1972-இல் இங்கேயே காலமானார். அவர் வாழ்ந்த ஊரில் பிள்ளைகளின் புத்தகம் பீரோவுக்குள் இருப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. கிழிந்த பக்கத்தை ஒட்டிக்கொள்ளலாம். மவுஸ் உடைந்தால் எஸ்.பி. ரோட்டில் மலிவாகவே இன்னொன்று கிடைக்கும். மூன்றாம் வகுப்பில் புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வயது திரும்பக் கிடைக்காது.

சரி, பூட்டைத் திறந்தாயிற்று. அடுத்து நடப்பது, கம்ப்யூட்டர் ஒரு பாடம், லைப்ரரி வேறொரு பீரியட் என்று இரண்டையும் பிரித்துவைப்பது. பிள்ளைக்கு இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றைத் தேட வேண்டும், கிடைத்தது சரிதானா என்று பார்க்க வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அலமாரியில் இதைப் பழகிய பிள்ளை திரையிலும் செய்யும், திரையில் பழகியது அலமாரியிலும் செய்யும். பிரித்துவைத்தால் கம்ப்யூட்டர் வகுப்பு பாகங்களின் பெயர்ப் பட்டியலாகவும், லைப்ரரி பீரியட் சத்தம் போடாமல் உட்காரும் பீரியடாகவும் சுருங்கிவிடுகிறது.

பெயர்ப் பட்டியல் என்று நான் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மானிட்டர், சிபியு, கீபோர்டு, மவுஸ் என்று நோட்டில் படம் வரைந்து பாகம் குறிப்பது, கம்ப்யூட்டரின் தந்தை சார்லஸ் பாபேஜ் என்று ஒப்பிப்பது. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் "போன வாரம் நீ வரைந்த படத்தை எடு" என்று சொல்லிப் பாருங்கள். எடுக்கத் தெரியாது. போனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபைல், ஃபோல்டர் என்பதே புதுசு. போனில் படம் தானாகவே கேலரிக்குப் போய்விடும், யாரும் பெயர் வைக்க வேண்டியதில்லை. இங்கே சேவ் செய்யும்போது பெயர் கேட்கிறது, பிள்ளை கைக்கு வந்த நாலு எழுத்தைத் தட்டிவிடுகிறது. அடுத்த வாரம் ஃபோல்டர் நிறைய அர்த்தமில்லாத பெயர்கள். அதனால் இரண்டாம் வகுப்பிலிருந்தே ஒரு வழக்கம் வையுங்கள்: தன் பெயர், எதைப் பற்றியது, தேதி, இந்த மூன்றும் ஃபைல் பெயரில் இருக்க வேண்டும். அலமாரியில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் எதற்கு என்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைக்கும்.

"போன் நல்லா நோண்டுவான், கம்ப்யூட்டர் தானா வந்துடும்" என்று வீட்டில் சொல்வதையும் நம்ப வேண்டாம். முதல் நாள் மானிட்டரைத்தான் விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். மவுஸ் மேசை விளிம்புக்குப் போய்விட்டால் அதைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்பதுகூடச் சொல்லாமல் தெரியாது. கையை நீட்டிக்கொண்டே போய்ப் பக்கத்துப் பிள்ளையை இடிப்பார்கள். டபுள் கிளிக் செய்யும்போது சின்ன விரல் நடுவில் நழுவிவிடும். இதற்கெல்லாம் டக்ஸ் பெயிண்ட் மாதிரி இலவச வரைபட மென்பொருளில் சில வாரம் விளையாடவிட்டாலே போதும். கால் தரையில் எட்டாத பிள்ளைக்குக் காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

மவுஸ் என்றதும் இன்னொன்று. சொல்லிக்கொடுப்பவர் செய்யும் பெரிய தவறு, பிள்ளையின் கையிலிருந்து மவுஸை வாங்கிவிடுவது. பிள்ளை தடுமாறுகிறது, பீரியடோ நாற்பது நிமிடம், "இங்கே குடு" என்று வாங்கி டக் டக்கென்று நாலு கிளிக் செய்து கொடுத்துவிடுகிறோம். வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளை கற்றது, தெரியாவிட்டால் மிஸ் செய்து தருவார் என்பது மட்டும்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "மேலே இடது பக்கம் பார், என்ன எழுதியிருக்கு?" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். எரிச்சல் வரும், நேரம் போகும், ஆனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிடாது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு மூன்று பேர் என்றால் இதே விதி பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் வாயால் வழி சொல்ல வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் துறுதுறுப்பான பிள்ளையே கடைசிவரை மவுஸை வைத்திருக்கும். கவனித்துப் பாருங்கள், பல நேரம் ஓரத்தில் பார்த்துக்கொண்டே நிற்பது பெண் பிள்ளையாக இருக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு தவறு உண்டு. ஐ.டி. ஊர் அல்லவா, ஆறு வயதிலேயே கோடிங் என்று பெற்றோர் பறக்கிறார்கள். கோடிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஸ்க்ராட்ச் என்ற கோடிங் மென்பொருள் 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகச் செய்யப்பட்டது, அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு 2014-இல் ஸ்க்ராட்ச் ஜூனியர் வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் அருமை. ஆனால் தேடவும் சேமிக்கவும் தெரியாத பிள்ளைக்குக் கோடிங் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவது முறையல்ல. டைப்பிங் வேகமும் அப்படித்தான், நான்காம் வகுப்புவரை அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மொழி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கம்ப்யூட்டரும் நூலகமும் ஆங்கிலத்தில் மட்டும்தான் என்று நாம் காட்டிவிட்டால், அம்மாவின் மொழி திரைக்கு வராது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். ஒரே கதையைப் பல மொழிகளில் படிக்கலாம். தமிழில் படித்துவிட்டு அதையே கன்னடத்தில் திறந்தால், படங்களைப் பிடித்துக்கொண்டே பிள்ளை எழுத்தைப் பிடித்துவிடும். வகுப்பில் இருக்கும் கன்னடப் பிள்ளை அப்போது ஆசிரியராகிவிடுவாள். தன் பெயரைத் தமிழில் தட்டவும் சொல்லிக்கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு என்று பிரித்திருப்பதால் எழுத்து அறிந்த பிள்ளைக்கு அது சுலபம்.

இனி தேடுவதற்கு வருவோம். நூலகத்தில் எண்களை மனப்பாடம் செய்யவைப்பது வழக்கமான தவறு. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்க 1876-இல் மெல்வில் டூயி வகுத்த தசம முறையில் 523 விண்மீன்களும் கோள்களும், 598 பறவைகள், 599 பாலூட்டிகள், 796 விளையாட்டு. இதை ஒப்பிக்கவைப்பதில் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில் "வௌவால் புத்தகம் எங்கே இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எல்லாரும் 598-க்கு ஓடுவார்கள், பறக்கிறதே! அங்கே இருக்காது. "யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாங்க மிஸ்" என்பார்கள். அப்புறம் ஒரு பிள்ளை, அது குட்டி போட்டுப் பால் கொடுக்குமே என்று சொல்லும், கூட்டம் 599-க்கு நகரும். அந்தச் சண்டையில் அறிவியல் பாடமும் வகைப்படுத்தலும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.

அங்கே போனாலும் ஒரு சிக்கல் காத்திருக்கும். எலி 599.35, வௌவால் 599.4. எது முதலில்? 35 பெரியது, 4 சின்னது, அதனால் வௌவால்தான் முதலில் என்பார்கள் பிள்ளைகள். உண்மையில் எலிதான் முதலில். பிள்ளை மேல் தப்பில்லை, தசம எண் கணக்குப் பாடத்தில் இன்னும் வரவில்லை. இதற்குத்தான் வயது பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அலமாரியில் பறவைப் படம், விலங்குப் படம் ஒட்டினால் போதும். மூன்றாம் வகுப்பில் புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, கணக்கில் தசமம் வந்த பிறகு.

அகரவரிசையும் பழக்க வேண்டும். ஏபிசிடி பாட்டாக வரும், தமிழ் வரிசை ஐந்தாம் வகுப்பிலும் தடுமாறும். வௌவாலைத் தமிழ் அகராதியில் தேடச் சொன்னால் நடுவில் எங்கோ புரட்டுவார்கள். தமிழ்ச் சொற்கள் ழ, ள, ற, ன எழுத்துகளில் தொடங்குவதில்லை. அதனால் வ வரிசை கிட்டத்தட்டக் கடைசி, அதிலும் வௌ கடைசிக்கும் கடைசி. இது தெரிந்தால் பின்னட்டையிலிருந்தே புரட்டத் தொடங்குவார்கள்.

திரையில் தேடும்போது நடக்கும் தவறு, முழுக் கேள்வியையும் தட்டிவிட்டு முதலில் வருவதை எழுதிக்கொள்வது. மைக் பொத்தானை அழுத்திக் கேட்பவர்களும் அப்படியே. வௌவாலை ஆங்கிலத்தில் 'பேட்' என்று தேடிய பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டையும் பேட்மேனும் வந்து நிற்கும். தமிழிலேயோ வௌவால் என்றும் எழுதுகிறார்கள், வவ்வால் என்றும் எழுதுகிறார்கள், இரண்டுக்கும் வருகிற பக்கங்கள் வேறு வேறு. இதையெல்லாம் பிள்ளையே பார்க்கட்டும், நாம் முன்கூட்டியே திருத்த வேண்டாம். இன்னொரு சொல் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வௌவால் உணவு, வௌவால் பாலூட்டி என்று தட்டித் தட்டி, எதைச் சேர்த்தால் எது வருகிறது என்று தானே பிடித்துக்கொள்ளும்.

வந்தது உண்மையா என்று பார்க்கும் பழக்கத்தைப் பெரிய வகுப்புக்கு விட்டுவைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பிலேயே முடியும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் ஒரு செய்தி சுற்றும். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை. இதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே எழுதியிருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நாட்டுப்பற்று குறையாது, கண் திறக்கும். ஏஐ செயலியிடம் கேட்டு வந்த பதிலுக்கும் அதே மூன்று கேள்விதான், கூடவே அலமாரியில் ஒரு புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

ப்ராஜெக்ட் வேலையை ஜெராக்ஸ் கடைக்காரர் செய்துகொடுக்கிறார் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். கலர் பிரிண்ட், சார்ட்டில் ஒட்டு, முடிந்தது. அதை வாங்கி மதிப்பெண் போடுவதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும். ஐந்து வரி போதும், பிள்ளையின் சொந்த வாக்கியத்தில். கீழே, எந்தப் புத்தகம், யார் எழுதியது என்று ஒரு வரி.

பாதுகாப்பைப் பற்றிப் பயமுறுத்தி மட்டும் வகுப்பெடுக்காதீர்கள். பயந்த பிள்ளை, திரையில் ஏதாவது கண்டால் மறைத்துவிடும், அதுதான் ஆபத்து. "என்ன வந்தாலும் எங்கிட்ட வந்து சொல், திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே திட்டாமல் இருக்க வேண்டும். அதோடு, வேலை ஆக வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டிப்போட்டுக் கணக்குத் தொடங்கித் தராதீர்கள். கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்க இங்கே 13 வயது ஆக வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பெரியவர்களே பொய் வயது போட்டுக் காட்டினால், அப்புறம் இணையத்தில் உண்மையாக இரு என்று எந்த வாயால் சொல்வது?

நூலகப் பக்கம் இன்னும் இரண்டு. ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் "இதில் நீதி என்ன?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். இன்னொன்று, இது மூன்றாம் வகுப்புப் புத்தகம், உனக்கு வேண்டாம் என்று தடுப்பது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை படக்கதை எடுத்தால் எடுக்கட்டும், தமிழ் எழுத்தை இப்போதுதான் கூட்டிப் படிக்கிறதோ என்னவோ. பள்ளியில் புத்தகம் போதவில்லை என்றால் கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழையும்போதே பிள்ளைகள் தானாகக் குரலைத் தாழ்த்துவார்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது.

வருடக் கடைசியில் எழுத்துத் தேர்வு வைத்து இதையெல்லாம் அளக்க முடியாது. ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தலைப்பைச் சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் தெரிந்துகொண்டதை இரண்டு வரி தட்டிப் பெயர் வைத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அந்த ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எந்த இடத்தில் பிள்ளை உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதம் அங்கிருந்து தொடங்கலாம்.