கேலண்டர்களை ஒத்திசைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் அவுட்லுக், வீட்டில் கூகுள் கேலண்டர், கையில் ஐபோன் என்று வைத்திருப்பவர்களுக்கு நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன: இறக்குமதி, சந்தா, கணக்கைச் சேர்த்தல் ஆகிய மூன்றையும் ஒன்றென நினைத்துவிடுகிறோம். கேலண்டர் பதிவுகளை அடக்கிய ஐசிஎஸ் கோப்பை இறக்குமதி செய்தால் அந்த நிமிடத்து நகல் மட்டுமே கிடைக்கும். மறுநாள் கூட்டம் தள்ளிப்போனாலும் நகலில் பழைய நேரமே நிற்கும். இணைப்பு முகவரியைக் கொடுத்துச் சந்தா செய்தால் மாற்றங்கள் வந்துசேரும், ஆனால் அங்கிருந்து எதையும் திருத்த முடியாது. இருபுறமும் எழுத வேண்டுமானால் கணக்கையே அந்தச் செயலியில் சேர்க்க வேண்டும்.

இதை அறியாமல் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழைய கேலண்டருக்குச் சந்தா செய்திருந்ததை மறந்துவிட்டு, அதன் கோப்பையும் என் முதன்மைக் கேலண்டருக்குள் இறக்கிவிட்டேன். ஒவ்வொரு கூட்டமும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. சந்தாவை நீக்குவது நொடி வேலை, ஆனால் எனக்கு வேண்டாதவை இறக்கிய பதிவுகளாயிற்றே! ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். முதலில் காலியான புதுக் கேலண்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் இறக்கியிருந்தால், அதை மொத்தமாக நீக்கியிருக்கலாம். கூகுளில் இறக்குமதி செய்யும்போது விருந்தினர் பட்டியலும் காணொலிக் கூட்ட விவரங்களும் வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சந்தா செய்தவர்களின் தவறு அவசரம். மாற்றம் தெரிய 12 மணி நேரம்வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அவுட்லுக்கில் ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு நடக்க வேண்டும் என்றாலும் 24 மணி நேரத்தையும் தாண்டலாம் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஆகவே காலையில் மாறிய கூட்டம் மதியம்வரை வரவில்லையென்று சந்தாவை நீக்கி மீண்டும் சேர்ப்பதைவிட, அன்றன்றைய வேலைகளுக்குச் சந்தாவை நம்பாமல் மூலக் கேலண்டரைத் திறந்து பார்ப்பதே நல்லது. நம் கேலண்டருக்குச் சந்தா செய்யக் கூகுள் தரும் ரகசிய முகவரியை வாட்ஸப் குழுவில் போடுவதும் கூடாது. அது கையில் இருப்பவருக்கு நம் கேலண்டரைப் பார்க்கக் கடவுச்சொல்லே தேவையில்லை. போட்டுவிட்டால் அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளலாம்.

நேர மண்டலத் தவறுதான் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது. நியூயார்க்கில் காலை 10 மணிக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் இரவு 7.30. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்தள்ளுகிறார்கள். நம் கடிகாரமோ அசைவதில்லை. நாமே கணக்குப் போட்டு இந்திய நேரத்தில் பதிந்தால், மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கூட்டம் முடிந்தபின் போய்ச் சேருவோம். அந்த நிகழ்வின் நேர மண்டலத்தை நியூயார்க் என்றே குறித்துவிட்டால் செயலி பார்த்துக்கொள்ளும்.

ஐபோனில் பதிந்தது கூகுளில் காணவில்லை என்பவர்கள், ஒத்திசைவைக் குறைசொல்வதற்கு முன், அமைப்புகளில் இயல்புநிலைக் கேலண்டர், அதாவது புதுப் பதிவுகள் தாமாகப் போய்ச் சேரும் கேலண்டர், எது என்று பார்க்க வேண்டும். பல நேரம் அது ஆப்பிளின் ஐகிளவுடாக இருக்கும். அதை மாற்றினாலும் ஏற்கெனவே பதிந்தவை தாமாக இடம்பெயரா, ஒவ்வொன்றையும் திறந்துதான் மாற்ற வேண்டும்.