போதைப்பழக்கம் பற்றி நம்பகமான தகவலைத் தேடுவது எப்படி? (புதிதாகத் தொடங்குபவர்களுக்கு)

தேடுபொறியில் போதை மறுவாழ்வு என்று தட்டினால் மேலே வந்து நிற்பவற்றில் பல, தகவல் மாதிரி வேஷம் போட்ட விளம்பரங்கள். அமெரிக்காவில் இது எந்த அளவுக்குப் போனதென்றால், 2017-இல் கூகுளே இந்தத் துறையின் விளம்பரங்களை நிறுத்தி வைத்து, அடுத்த வருடம் சான்று பெற்ற மையங்களுக்கு மட்டும் மறுபடி திறந்துவிட்டது. அதனால் முதல் பக்கத்தில் வந்ததைச் சொடுக்குவதற்குப் பதிலாக, எங்கே போய்த் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு நேராக அங்கே போவதுதான் நல்லது.

அதற்கு முன்னால் ஒன்று. பக்கத்தில் ஒருவர் மயங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகிக் கிடந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். பல காலம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதையும் வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"என் பிள்ளை இதில் விழாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்பது தடுப்பு. "அண்ணன் குடியை விட நினைக்கிறார், மருந்து இருக்கிறதா?" என்பது சிகிச்சை. "கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் என்ன ஆகும்?" என்பது கொள்கை. மூன்றுக்கும் பதில் இருக்கும் இடம் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் தேடப் போனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும், உருப்படியாக ஒன்றும் கிடைக்காது.

படி 2: தேடும் சொல்

ஆய்வுகளை ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும். பழைய கட்டுரைகள் சப்ஸ்டன்ஸ் அப்யூஸ் (substance abuse) என்ற பெயரிலும், 2013-க்குப் பிறகு வந்தவற்றில் பல சப்ஸ்டன்ஸ் யூஸ் டிஸார்டர் (substance use disorder) என்ற பெயரிலும் இருக்கும், ஏனென்றால் அந்த வருடம் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடு, பெயரை மாற்றிவிட்டது. இரண்டையும் போட்டுத் தேடுங்கள். சரி, அடுத்தது.

படி 3: தடுப்பு

ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகம் போதைப்பொருள் தடுப்புக்கான சர்வதேசத் தரநிலைகள் என்று ஓர் ஆவணம் வைத்திருக்கிறது. முதலில் 2013-இல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018-இல் போட்ட இரண்டாம் பதிப்பை எடுங்கள், இலவசம். குழந்தைப் பருவம் முதல் வேலைக்குப் போகும் வயது வரை எது பலன் தருகிறது என்று பிரித்துச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது, எது பலன் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதுதான்: மாணவர்களை வரிசையாக உட்கார வைத்துச் சொற்பொழிவு, பயமுறுத்தல், முன்பு அடிமையாக இருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது. நம் பள்ளிகள் விழிப்புணர்வு நாள் என்று நடத்துவதில் முக்கால்வாசி இதுதானே! அமெரிக்காவில் 1983-இல் தொடங்கி, போலீஸ்காரர்களை வகுப்பறைக்குள் அனுப்பிப் பாடம் நடத்திய டேர் திட்டம் வெகு பிரபலம், ஆனால் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அதன் பழைய பாடத்திட்டம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

படி 4: சிகிச்சை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணமும் உயிரும் போகிறது.

முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஓபியாய்டு (அபின், ஹெராயின் வகை) அடிமைத்தனத்துக்கான மெத்தடோன், புப்ரினார்பின் இரண்டும் 2005-இலேயே அதில் ஏறிவிட்டன. குடிநோய்க்கான அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் 2023-இல் ஏறின. மருந்தே கிடையாது, மனஉறுதி மட்டும் போதும் என்று எந்த மையமாவது சொன்னால் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காக்ரேன் நூலகம். ஒரே கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சலித்து, கடைசியில் எளிய நடையில் ஒரு சுருக்கமும் தருவார்கள். புதியவர்கள் அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்தாலே போதும். உதாரணமாக, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போவதால் பயன் உண்டா என்று 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முறையாக நடத்தினால், குடியை முழுவதுமாக நிறுத்தி வைப்பதில் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று வந்தது.

தன்னுடைய குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு ஆடிட் வினாத்தாள் இருக்கிறது, 10 கேள்விகள், 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று பொருள். நோய் இருக்கிறதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மையத்துக்கு போன் போடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, மருந்து கொடுக்கிறீர்களா, குடும்பத்தார் வந்து பார்க்கலாமா, வெளியே வந்த பிறகு என்ன தொடர்ச்சி. 100 சதவீத குணம் உத்தரவாதம் என்றால் போனை வைத்துவிடுங்கள். போதைப்பழக்கத்தை ஆராயும் அமெரிக்க அரசின் நிடா நிறுவனம் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம் என்கிறது, இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் திரும்பத் தலைதூக்குவது போல. திரும்பிவிட்டால் சிகிச்சை வீண் என்று அர்த்தமில்லை, சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

படி 5: கொள்கை

அடித்தளம் 1961, 1971, 1988 ஆண்டுகளின் மூன்று ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தங்கள். எண்களுக்கு, ஒவ்வொரு ஜூன் 26-ஐ ஒட்டி வரும் உலகப் போதைப்பொருள் அறிக்கை. புகையிலைக்குத் தனி ஒப்பந்தம் உண்டு, 2005 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டுச் சட்டம் என்றால் செய்தியைப் படிக்காமல் சட்டத்தையே, கடைசித் திருத்தத்தோடு, அரசுத் தளத்தில் எடுத்துப் படியுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், போர்ச்சுகல் எல்லாப் போதையையும் சட்டபூர்வமாக்கிவிட்டது என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2001-இல் அங்கே நடந்தது வேறு: சொந்த உபயோகத்துக்கு, சுமார் 10 நாள் அளவுக்குள், வைத்திருப்பது குற்றவியல் வழக்காகாது, ஒரு குழு முன் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். விற்பவருக்குச் சிறை அப்படியே இருக்கிறது.

படி 6: யார் காசு, யாருடைய எண்

எந்த ஆய்வை எடுத்தாலும் நிதி கொடுத்தது யார் என்ற பத்தியைத் தேடுங்கள். மிதமாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கத் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வை, மதுபான நிறுவனங்களின் பணம் அதற்குள் வந்த விதம் வெளியானதும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2018-இல் பாதியில் நிறுத்தியது. சதவீதத்தைப் பார்த்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள்: வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டவர்களா, போன மாதம் பயன்படுத்தியவர்களா, சிகிச்சை தேவைப்படுபவர்களா? மூன்றையும் குழப்பி எழுதுவதுதான் வழக்கம்.

கிடைத்ததைச் சேமிக்கும்போது ஆவணத்தின் பெயரோடு வெளியான வருடத்தையும் எழுதி வையுங்கள். பதிப்புகள் மாறுகின்றன, அமைப்புகளின் பெயர்களும் மாறுகின்றன. ஐரோப்பியப் போதைப்பொருள் கண்காணிப்பு மையம் 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியப் போதைப்பொருள் முகமை ஆகிவிட்டது, அதனால் பழைய பெயரிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.