மயக்க மருந்தும் முதியோர் மூளையும்: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரமான ஆத்தங்குடித் தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஆச்சிக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகும், "இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் மூளை கலங்கிவிடும், சிங்கப்பூரிலிருந்து தம்பி வரட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் செட்டிநாட்டுக் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது. இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய சிகிச்சை அது. வலியோடு படுத்தே கிடந்தால் நிமோனியா, இரத்தக்கட்டு, படுக்கைப்புண் ஆகியவற்றோடு, எதற்கு அஞ்சினோமோ அந்த மனக்குழப்பமும் வந்து சேரும்.

முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தால் மூளை தப்பிவிடும் என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரு முறைகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்தது. எது பொருந்தும் என்பதை மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அவரிடம் தூக்க மாத்திரை, மது, லேகியம், முன்பே இருந்த மறதி எதையும் மறைக்கக் கூடாது. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் அதனாலேயே புத்தி தடுமாறக்கூடும். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொது விதி. பால் காபியும் நீராகாரமும் தண்ணீர்க் கணக்கில் சேரா.

சிகிச்சை முடிந்த மறுநாள் மாலை, வார்டில் படுத்திருக்கும் ஆச்சி, "முகப்புல ஆளு வந்து நிக்கிறாக, காப்பி கொடு" என்கிறார். மகள் கலங்கிப்போய், மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார். இது டெலிரியம், அதாவது திடீரென வரும் மனக்குழப்பம்; பெரும்பாலும் சில நாள்களில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். சிறுநீர் அடைப்பு, கிருமித்தொற்று, சோடியம் குறைவு, அடங்காத வலி ஆகியவை தூண்டியிருக்கலாம் என்பதால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். பேசாமல் சோர்ந்து கிடப்பதும் இதே நோயாக இருக்கலாம். அதை "நல்லாத் தூங்குறாக" என்று விட்டுவிடுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு.

தொலைந்துவிடும் என்று மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பைக்குள் பூட்டி வைப்பது, உறவினர் கூட்டமாக வந்து சூழ்வது, "இது வீடு இல்ல ஆச்சி" என்று வாதாடுவது எல்லாம் குழப்பத்தைக் கூட்டும். பழகிய ஒருவர் அருகிலிருந்து, பகலில் உட்கார வைத்து, இரவில் விளக்கணைத்துத் தூங்கவிட வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குளறினாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அந்த நொடியே மருத்துவரை அழைக்க வேண்டும்.