டூவீலரில் புளூடூத் டேக் பொருத்துவது எப்படி: வண்டி திருடு போனால் எவ்வளவு உதவும், யாருக்கு எச்சரிக்கை போகும்?

ஆப்பிளின் புளூடூத் டேக்கான ஏர்டேக்கில் ஜி.பி.எஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. 11 கிராம் எடையுள்ள அந்த வில்லை தான் இருப்பதைப் புளூடூத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனோ அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைப் பூட்டிய செய்தியாக ஆப்பிளுக்கு அனுப்பும். அதைத் திறக்கும் சாவி டேக்கின் உரிமையாளரிடம் மட்டுமே இருப்பதால், ஆப்பிளாலும் அந்த இடத்தைப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு பக்கம் இதே வேலையைக் கூகுளின் ஃபைண்ட் ஹப் செய்கிறது.

உங்கள் வண்டியைத் திருடியவனோடு டேக் போகிறது. ஒரு பெண்ணின் கைப்பையில் யாரோ ரகசியமாகப் போட்ட டேக்கும் அவளோடு போகிறது. டேக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். உரிமையாளர் அருகில் இல்லை, வேறொரு போன் கூடவே நகர்கிறது. எனவே அந்தப் போனுக்கு, அறியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்ற எச்சரிக்கை போகும். அது திருடனின் போனா, பாதிக்கப்பட்டவரின் போனா என்று பிரித்தறிய வழியே கிடையாது.

2021 ஏப்ரலில் ஏர்டேக் வந்தபோது, உரிமையாளரைப் பிரிந்து 3 நாள் ஆன பிறகுதான் அது தானாகச் சத்தம் போடும். ஒருவரைப் பின்தொடர 3 நாள் தாராளம் என்று விமர்சனம் எழவே, அதே ஆண்டு ஜூனில் அதை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரம் என்று குறைத்தார்கள். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, ஐ.ஓ.எஸ். 17.5-க்கும் ஆண்ட்ராய்டு 6.0-க்கும் மேலுள்ள போன்களில் அடுத்தவர் கம்பெனி டேக்கையும் கண்டுபிடிக்கும் வசதியைக் கொண்டுவந்தன. ஆக, இன்றைக்குத் திருடன் எந்த போன் வைத்திருந்தாலும் எச்சரிக்கை வர வாய்ப்பு உண்டு. உங்கள் கையில் இருப்பது சில மணி நேரம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்காக.

படி 1: டேக்கைத் தேர்ந்தெடுங்கள்

உங்களிடம் ஐபோன் இருந்தால் ஏர்டேக். ஆண்ட்ராய்டு என்றால் ஃபைண்ட் ஹப்பில் வேலை செய்யும் டேக். பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏர்டேக்கை ஆண்ட்ராய்டில் இணைக்க முடியாது. சாம்சங் ஸ்மார்ட்டேக் கேலக்ஸி போன்களோடு மட்டும் சேரும்.

ஃபைண்ட் ஹப்பில் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். பல போன்கள் ஒரே டேக்கைக் கண்ட பிறகுதான் இடத்தைக் காட்டும். ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்கள் மட்டும் என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. தனியுரிமைக்கு நல்லது. ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் நிறுத்தப்பட்ட வண்டிக்கு நல்லதல்ல. ஏர்டேக்குக்கு ஒரே ஒரு ஐபோன் கடந்துபோனால் போதும், ஆனால் அந்தத் தோப்புப் பக்கம் ஐபோன் வர வேண்டுமே.

படி 2: பேட்டரி

ஏர்டேக்குக்கு சி.ஆர். 2032 காயின் பேட்டரி ஒன்று. ஓராண்டுக்கு மேல் வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் விற்கின்றன. அவற்றில் சில ஏர்டேக்கின் தொடுமுனையோடு சரியாக ஒட்டாது. புதுப் பேட்டரி போட்டும் டேக் உயிர் பெறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

படி 3: வண்டியில் இடம்

தேவையானவை: டேக், அது அசையாமல் இருக்க மெல்லிய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, நல்ல இருபக்க டேப், பேனல் திருகுகளுக்கு ஏற்ற ஸ்க்ரூடிரைவர்.

பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் வையுங்கள். முன்பக்க ஏப்ரன், ஹெட்லைட் கவுலின் உட்புறம், சீட்டின் நுரைக்கு அடியில் என்று வண்டிக்கு வண்டி மாறும். பெட்ரோல் டேங்குக்கு அடியிலோ இரும்புக் கருவிப் பெட்டிக்குள்ளோ வைத்தால் சிக்னல் அடங்கிவிடும். ஏர்டேக் தாங்கும் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரைதான். இன்ஜின், சைலன்சர் பக்கம் வேண்டாம். சாவிக்கொத்தில் மாட்டுவது சாவி தொலைந்தால் உதவும், வண்டி தொலைந்தால் உதவாது.

ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டால் திருடனுக்குச் சத்தம் கேட்காதே என்று பலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். சத்தம் போனாலும் அவன் போனுக்கு வரும் அறிவிப்பு நிற்காது. ஆகவே நீங்கள் பெறும் பலன் சொற்பம். ஊமையாக்கிய டேக் ஒருவரைப் பின்தொடர மட்டும்தான் முழுதாக உதவும், அப்படிப்பட்ட டேக் கைமாறி எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. சத்தத்தை அமுக்குவதற்கு மேல் சிந்தித்த கம்பெனியும் உண்டு. டைல் 2023 பிப்ரவரியில், அரசு அடையாள அட்டையைக் கொடுத்தவர்களின் டேக்குகளை, பக்கத்தில் டேக் இருக்கிறதா என்று மற்றவர்கள் போனில் தேடும் ஸ்கேனிலிருந்து மறைக்கும் திருட்டுத் தடுப்பு வசதியைக் கொண்டுவந்தது. தவறாகப் பயன்படுத்தித் தண்டனை பெற்றால் 10 லட்சம் டாலர் அபராதம் என்றது. எங்கள் பார்வையில் இது தலைகீழான ஏற்பாடு. அடையாள அட்டை கணவனிடமும் இருக்கும், முன்னாள் காதலனிடமும் இருக்கும். எச்சரிக்கையே வராத பெண் யார் மீது புகார் கொடுப்பாள்?

படி 4: சோதனை

பேனலை மூடிய பிறகு 10 மீட்டர் தள்ளி நின்று ஆப்பில் சத்தத்தை ஒலிக்க வையுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் இடம் தவறு, மாற்றுங்கள். அடுத்து, வண்டியைக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து பாருங்கள். வரைபடத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தைக் கவனிக்கப் பழகுவதுதான் இந்தச் சோதனையின் நோக்கம். ‘2 மணி நேரம் முன்பு’ என்றிருந்தால், வண்டி அங்கே இருந்தது என்று பொருள்; இருக்கிறது என்று அல்ல.

படி 5: வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள்?

தம்பியோ மனைவியோ அதே வண்டியை எடுத்துப் போனால் அவர்கள் போனுக்கு எச்சரிக்கை வரும். நாலு முறை வந்த பிறகு அவர்கள் அந்த அறிவிப்பையே அணைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து, நிஜமாக யாராவது பின்தொடரும் நாளில் எதுவும் வராது. ஐ.ஓ.எஸ். 17 முதல் ஒரு ஏர்டேக்கை இன்னும் 5 பேரோடு பகிரலாம்; பகிர்ந்தவர்களுக்கு எச்சரிக்கை வராது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவரோடு ஏர்டேக்கை இப்படிப் பகிர முடியாது. அவரிடம் டேக் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைப்பது, நோக்கம் எதுவானாலும், அவரைக் கண்காணிப்பதுதான்.

படி 6: வண்டி காணாமல் போனால்

வரிசை முக்கியம்.

1. சத்தம் ஒலிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். திருடனுக்கு நீங்களே தகவல் சொன்னதாகும்.
2. வரைபடத்தை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இடம் மாறும்போதெல்லாம் மறுபடியும் எடுங்கள். பழைய இடங்களின் வரலாற்றை ஆப் உங்களுக்குச் சேமித்து வைக்காது.
3. டேக் தொலைந்துவிட்டதாகக் குறிக்கும் லாஸ்ட் மோடை இயக்கலாம். அதில் ஒரு போன் எண் போதும், வீட்டு முகவரி வேண்டாம். டேக்கைக் கண்டெடுப்பவர் எவராயினும் அதைப் படிக்க முடியும்.
4. 112-க்கு அழையுங்கள், பிறகு ஆர்.சி. நகலோடு காவல் நிலையம் போங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், இன்சூரன்ஸுக்கு அது வேண்டும்.
5. புள்ளி காட்டும் இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். காட்டுவது கடந்துபோன ஒரு போனின் இடம். பக்கத்துத் தெருவாக இருக்கலாம், அடுக்குமாடி என்றால் எந்தத் தளம் என்று தெரியாது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டினால் பிரச்சினை உங்களுக்குத்தான். போலீஸோடு அருகில் போன பிறகு, அல்ட்ரா வைட்பேண்ட் உள்ள ஐபோன் இருந்தால் அம்புக்குறியும் தூரமும் காட்டும்.

சில மணி நேரத்துக்குப் பிறகும் தொடர்ந்து இடம் தெரிய வேண்டும் என்றால், பேட்டரியோடு ஒயரிங் செய்யும், சிம் உள்ள ஜி.பி.எஸ். கருவிதான் வழி. மாதச் சந்தா, வண்டி பேட்டரியில் சுமை என்று செலவு உண்டு. விலை உயர்ந்த பைக்குக்கு இரண்டையும் போடலாம்.

எச்சரிக்கை உங்கள் போனுக்கு வந்தால்

முதலில் இந்த அமைப்பு இயங்குகிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியில் அறியாத டிராக்கர் எச்சரிக்கை இருக்கும். அங்கேயே கைமுறையாகவும் ஸ்கேன் செய்யலாம். ஐபோனில் புளூடூத், லொக்கேஷன், ஃபைண்ட் மை (ஆப்பிளின் தேடும் வசதி) மூன்றும் இயங்க வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் பதற வேண்டாம். இரவல் வாங்கிய சாவி, பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பை என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. அறிவிப்பைத் திறந்தால் டேக் உங்களோடு எங்கெல்லாம் வந்தது என்று வரைபடம் காட்டும். அது நேற்றிலிருந்து, உங்கள் வீடு, ஆபீஸ் இரண்டிலும் இருக்கிறது என்றால் தேடத் தொடங்குங்கள். சத்தம் ஒலிக்கச் செய்து, பையின் தையல், சீட்டின் அடி, நம்பர் பிளேட்டின் பின்புறம் என்று பாருங்கள்.

கிடைத்ததும் பிய்த்து எறியத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. என்.எஃப்.சி. (ஒட்டி வைத்தால் தகவலைப் படிக்கும் வசதி) உள்ள போனின் மேல்முனையை ஏர்டேக்கின் வெள்ளைப் பக்கத்தில் வையுங்கள். திறக்கும் பக்கத்தில் சீரியல் எண்ணும், உரிமையாளர் போன் எண்ணின் கடைசி 4 இலக்கங்களும் தெரியும். பல நேரம் அந்த 4 இலக்கங்களே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், டேக் இருந்த இடத்தையும் படம் எடுங்கள். சீரியல் எண் ஓர் ஆப்பிள் கணக்கோடு கட்டுண்டது. போலீஸ் முறைப்படி கேட்டால் ஆப்பிள் அந்த விவரத்தைக் கொடுக்கும்.

பேட்டரியைக் கழற்ற, வெள்ளிநிற மூடியை அழுத்தி இடப்பக்கமாகத் திருப்புங்கள். கழற்றிய கணத்திலிருந்து புதிய இடம் எதுவும் வைத்தவருக்குப் போகாது. கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவர் ஊகிப்பார். ஆகவே அவரிடமிருந்து ஆபத்து வரலாம் என்று தோன்றினால், மக்கள் இருக்கும் இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போன பிறகு கழற்றுங்கள். பெண்கள் உதவி எண் 181. ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை சிறை.

ஸ்கேனில் எதுவும் வரவில்லை என்பதாலேயே எதுவும் இல்லை என்று ஆகாது. ஜி.பி.எஸ். கருவி புளூடூத் ஸ்கேனில் தெரியாது. வீட்டில் செய்த போலி டேக்குகள் தங்கள் அடையாளத்தை அடிக்கடி மாற்றித் தப்பலாம். ஆண்ட்ராய்டில் கூடுதலாக, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஏர்கார்டு ஆப்பைப் போட்டுப் பார்க்கலாம், இலவசம்.

வண்டியை விற்கும் நாளில் டேக்கைக் கழற்றி, உங்கள் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எடுத்துவந்த முதல் வாரம் தினமும் ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.